மஸ்ஸாலியாவில் ஒரு வழியனுப்பு விழா

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்தத் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன் என்று தலையாட்டினேனே, அன்றைக்கு என் புத்தி எந்தத் தெருவில் மேய்ந்துகொண்டிருந்ததோ! தலைவர் வரதப்பா காலையில் போனில் கூப்பிட்டு, "மதாம் கிளெமான்ஸ், ஒரு சின்ன வேலை" என்றார். அவர் வாயால் சின்ன வேலை என்றால் எனக்கு இரண்டு மாதம் நிம்மதி போச்சு என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். சித்திரை விழாவில் இந்த முறை பிரான்சில் நாங்கள் குடியிருக்கும் இந்த மார்செய் நகரம் பிறந்த கதையை மேடையேற்ற வேண்டுமாம். இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் கிரேக்கர்கள் கப்பலில் வந்திறங்கிக் கட்டிய வியாபாரத் துறைமுகம் இது. அப்போது பெயர் மஸ்ஸாலியா. அதைத் தமிழில் எழுதி மைக்கில் வாசிக்க வேண்டியது நான். ஆயுள் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுண்டரில் ஸ்டாம்பு கிழித்துக் கொடுத்தவளுக்குக் கிரேக்க வரலாறு எழுதுகிற யோக்கியதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நீங்க லைப்ரரிக்கெல்லாம் போறவங்க" என்கிறார். வாரப் பத்திரிகை ஓசியில் படிக்கப் போகிறேன் ஐயா, வேறென்ன.

இன்று செவ்வாய் வேறு. சந்தியாகுவுக்குச் சோறு போட வேண்டிய முறை என்னுடையது.

இந்தச் சந்தியாகு காரைக்கால்காரர். அறுபதை ஒட்டிய வயது. ஒரு ஹோட்டலுக்குச் சமையல் வேலைக்கு வந்தவர். ஹோட்டலும் மூடிப்போச்சு, இங்கே தங்குவதற்கு இருந்த அனுமதியும் முடிந்துபோச்சு. ஊரில் அவரைத் தேடுவார் யாருமில்லை. எங்கள் சங்கத்து ஹாலுக்குப் பின்னால் நாற்காலி அடுக்குகிற அறையில் படுத்துக்கொள்கிறார். நாளுக்கு ஒரு குடும்பமாக அவருக்குச் சாப்பாடு போடுகிறோம். அந்த மனிதருக்குக் கத்தரிக்காய் ஆகாது, அரிப்பு வருமாம். மீன் என்றால் முள் குறைவாக இருக்க வேண்டும். சாம்பாரில் பெருங்காயம் தூக்கலாக இருக்க வேண்டும். ஓசிச் சோற்றுக்கு இத்தனை வக்கணை! விடியற்காலையில் துறைமுகச் சந்தைக்கு ஓடிக் கொடுவா மீன் வாங்கிவர வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 6, வெள்ளி

நூலகத்தில் குறிப்பெடுத்தேன். கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது.

ஃபொக்கேயா என்று ஒரு கிரேக்க ஊர், இன்றைய துருக்கிக் கரையில். விளைநிலம் போதாமல் கடலையே நம்பிப் பிழைத்த ஜனங்கள். கப்பலேறி இங்கே வந்திறங்கிய அன்று உள்ளூர் அரசன் நன்னுஸ் வீட்டில் விருந்து நடக்கிறது. அவன் மகள் ஜிப்டிஸ், பந்தியில் இருப்பவர்களில் யார் கையில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொடுக்கிறாளோ அவன்தான் மாப்பிள்ளை. அந்தப் பெண் முறைப்பையன்களையெல்லாம் தாண்டிப் போய், வழியோடு வந்த கிரேக்க வியாபாரி கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள். மருமகனுக்குக் கடற்கரையில் இடம் கொடுத்தான் அரசன். அதுதான் இந்த ஊர். என் மாமியார் அந்தப் பந்தியில் இருந்திருந்தால் கிண்ணம் பறந்திருக்கும், ஊரும் பிறந்திருக்காது.

திராட்சைக்கொடியையும் ஒலிவ மரத்தையும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே இவர்கள்தானாம். திராட்சை மது ஜாடி ஜாடியாக ஆற்று வழியே உள்நாட்டுக்குப் போகும். தகரமும் தானியமும் அடிமைகளும் துறைமுகத்துக்கு வரும். பித்தியாஸ் என்று ஒருவர் இங்கிருந்து கப்பலேறி, கடலே உறைந்து கிடக்கும் வடகோடி வரைக்கும் போய்த் திரும்பிவந்து பார்த்ததையெல்லாம் சொன்னார். பலபேர் அவரைப் புளுகன் என்று ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் சங்கத்தில் செயலாளராக இருக்க எல்லாத் தகுதியும் உள்ள மனிதர்.

பிப்ரவரி 8, ஞாயிறு

செயற்குழுக் கூட்டம். கதையைச் சொல்லி முடிப்பதற்குள், "அட, நம்ம சுயம்வரம்!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். அதோடு என் மற்றக் குறிப்புகள் அத்தனையும் அம்போ. ஜிப்டிஸாக யார் ஆடுவது என்று மூன்று மணிநேரம் சண்டை. தலைவர் மனைவி ரஞ்சிதம் தன் தங்கை மகளைத்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்தப் பெண்ணுக்கு ஆடவும் வராது, நிற்கவும் வராது.

ரஞ்சிதம் வழக்கம்போல வடை சுட்டு எல்லார் வாயையும் அடைத்தாள். வடை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சுட்டு முடித்ததும் சட்டி எண்ணெயை அப்படியே ஹால் சமையலறைத் தொட்டியில் கவிழ்க்கிறாள். "ஏம்மா, குழாய் அடைச்சுக்கும்" என்றேன். "சுடுதண்ணி ஊத்திட்டா போயிடும்க்கா, நீங்க சும்மா இருங்க" என்றாள். சும்மா இருந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சந்தியாகு வந்து சாப்பிட்டுப் போனார். போகிறேன் போகிறேன் என்று வாசலில் நின்றுகொண்டே ஒரு மணிநேரம் பேசுகிறார். காரைக்காலில் மாதா சப்பரம் சாய்ந்த கதை. இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் சப்பரம் வேறு பக்கம் சாய்கிறது.

லியோனிலிருந்து மகள் எலோடி கூப்பிட்டிருக்கிறாள், நான் எடுக்கவில்லை. அப்புறம் கூப்பிட்டால், "செவ்வாய்க்கிழமைன்னா நீ போனையே எடுக்கிறதில்லம்மா" என்று சிரிக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறதாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பொங்கிவிட்டது. ஹாலுக்குப் பின்னாலுள்ள முற்றத்தில் சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு கறுப்புத் தண்ணீர். மேல்மாடியில் குடியிருக்கும் கட்டடச் சொந்தக்காரி மதாம் பெல்லோனின் பூந்தொட்டிகள் அத்தனையும் நாற்றத்தில் மிதந்தன. அந்த அம்மாள் நைட்டியோடு இறங்கிவந்து, "ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. இதற்கு ஒரு முடிவு கட்டாவிட்டால் ஹாலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது. இந்த வாடகைக்கு இந்த ஊரில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. ஹால் போனால் சங்கம் போச்சு, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு போச்சு.

சந்தியாகு முழங்கால்வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு துடைப்பத்தோடு தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கையோடு சாப்பிட வந்தால் உள்ளே விடமாட்டேன் என்று கத்தி, சோப்பும் துண்டும் எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அவசரக் கூட்டம். சாக்கடை ஏன் அடைத்தது?

"அந்த ஆள் அங்கயே குளிக்கிறாரு, அங்கயே தொவைக்கிறாரு. முடி, சோப்பு எல்லாம் எங்க போகும்?" என்றாள் ரஞ்சிதம். பிடித்துக்கொண்டார்கள். போன மாதம் ஒலிபெருக்கி ஒயர் அறுந்தது அவரால்தானாம். ஹீட்டர் செலவு ஏறியது அவரால்தானாம். தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் குறைந்ததுகூட, அந்த ஆள் வாசலில் பீடி குடித்துக்கொண்டு நிற்பதால் தாய்மார்கள் அனுப்பப் பயப்படுகிறார்களாம். அவர் பீடியே குடிப்பதில்லை. குடிப்பவர் எங்கள் பொருளாளர். அவரும் அங்கே உட்கார்ந்து 'ஆமாம், ஆமாம்' போட்டார்.

எண்ணெயைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். போன வருஷம் என் வீட்டுக்காரர் ரெமி செத்தபோது, காரியம் முடியும்வரை எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். "தொட்டியையும் ஒருதரம் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அது யார் காதிலும் விழவில்லை.

மார்ச் 2, திங்கள்

நூலகத்தில் ஒன்று கிடைத்தது. எழுதி வைக்கிறேன்.

மஸ்ஸாலியாவில் கொள்ளைநோய் வந்தால், ஏழை ஒருவன் தன்னைக் கொடுக்க முன்வருவானாம். ஒரு வருஷம் முழுக்க ஊர்ச் செலவில் அவனுக்குச் சுத்தமான, நல்ல சாப்பாடு. வருஷம் முடிந்ததும் இலைமாலை போட்டு, கோயில் உடை உடுத்தி, ஊர் முழுக்கச் சுற்றி அழைத்துப் போவார்கள். வழியெல்லாம் ஜனங்கள் அவனைச் சபிப்பார்கள். ஊரிலுள்ள கெட்டதெல்லாம் அவன் தலையில் இறங்கிவிட வேண்டும் என்று. அப்புறம் ஊருக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். பிற்காலத்துக்காரர் ஒருவர் எழுதிவைத்திருக்கிற குறிப்பு இது. அதற்குமேல் அவனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எழுதவில்லை.

கப்பல் விட்டுக் கடலை அளந்த ஜனங்கள்! அறுநூறு பேர் உட்கார்ந்து ஆளுகிற சபை வைத்திருந்தார்கள். வெளியூரான் ஊருக்குள் வந்தால் ஆயுதத்தை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பார்களாம். அவ்வளவு ஒழுங்கு. அவர்கள் போய் இப்படி ஒரு காரியம் செய்வார்களா என்று ஆத்திரமாக வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் மேல் எனக்கென்ன ஆத்திரம்? வயசாகிறது.

மார்ச் 3, செவ்வாய்

சந்தியாகு சாப்பிடும்போது அதை வாசித்துக் காட்டினேன். ஏன் வாசித்தேன் என்று தெரியவில்லை. அவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "வருஷம் பூரா நல்ல சாப்பாடுன்னா, மீனெல்லாம் உண்டாம்மா?" என்று கேட்டார்.

"கடலோர ஊருய்யா, மீனில்லாமயா?"

"அப்ப பரவால்ல" என்றார்.

தட்டைப் பிடுங்கிக் கழுவப் போட்டுவிட்டேன். மனுஷனுக்கு ஒரு பயம், ஒரு சுரணை வேண்டாமா!

மார்ச் 8, ஞாயிறு

நாடகத்திலிருந்து அந்தக் கொள்ளைநோய்ப் பகுதியை வெட்டிவிட்டார்கள். "நல்ல நாளும் அதுவுமா, மேடையில அபசகுனம் எதுக்கு மதாம்? கல்யாணத்தோட முடிச்சுக்குங்க" என்றார் தலைவர். சரித்திரத்தைக் கல்யாணத்தோடு முடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். எல்லாரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

மதாம் பெல்லோனைப் பார்க்கத் தலைவரும் நானும் மாடிக்குப் போனோம். அவர் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "மதாம், எல்லாத்துக்கும் காரணம் பின்னாடி அறையில தங்கியிருக்கிற ஆளுதான். சித்திரை விழாவோட அவரை அனுப்பிடறோம். இனிமே ஒரு தொந்தரவும் இருக்காது" என்று பிரெஞ்சில் சரளமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வீ, மதாம்" என்றேன், ஆமாம் என்று.

வரும் வழியில் தக்காளி வாங்கினேன். பாதி அழுகல். இந்தக் கடைக்காரன் எப்போதும் அடியில்தான் அழுகலை வைப்பான். நாளைக்கே போய் மூஞ்சியில் எறிய வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவர் வந்தார், உப்பைப் பற்றிக்கூடக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அப்புறம், "தலைவரு சொல்லிட்டாரும்மா" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"நான் போனா ஹாலு நெலைக்குமாம். நெலைக்கட்டுமே. புள்ளைங்க தமிழ் படிக்கிற எடம்."

"சாக்கடை உங்களாலயா அடைச்சுது?"

"யாராலயோ. அதுக்கென்ன இப்ப."

எனக்கு வந்ததே கோபம்! "ஏய்யா, உங்களுக்கு ரோசமே கிடையாதா? நாலு வார்த்தை திட்டத் தெரியாதா? ஊரே உங்க தலையில மண்ணை வாரிப் போடுது, நீங்க மோரு கேக்குறீங்க!" என்று கத்தினேன். அவர் நிஜமாகவே அப்போது மோர்தான் கேட்டிருந்தார். ஊற்றினேன்.

பாரிஸில் சித்தப்பா மகன் ஒருவர் ஹோட்டல் வைத்திருக்கிறாராம். அங்கே போய்விடுவாராம். "அப்ப சரி" என்றேன். மனசு கொஞ்சம் லேசானது.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பூசையில் மனசே நிற்கவில்லை. சாயங்காலம் ஒத்திகையில் ரஞ்சிதத்தின் தங்கை மகள் கிண்ணத்தை மூன்று தடவை கீழே போட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

ஒரு அதிசயம். போகப்போகிறார் என்றதும் சந்தியாகுவுக்குச் சாப்பாடு போடுவதில் இப்போது போட்டி. திங்கட்கிழமைக்காரர்கள் பிரியாணியாம். நேற்று யார் வீட்டிலோ இறால் தொக்காம். ஈஸ்டர் அன்று ரஞ்சிதமே பாயசத்தைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். இத்தனை நாளும் மிச்சம் மீதியை டப்பாவில் அடைத்து அனுப்பியவர்கள்! அந்த ஆளும் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். புது வேட்டி, புதுச் சட்டை வாங்கியாகிவிட்டது. விழாவின் கடைசியில் மாலை, பொன்னாடை, தலைவர் உரை.

பொன்னாடை வாங்கப் போனது நான்தான். கடையில் ஜரிகைக் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள், பேரம்கூடப் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. கொடுவா மீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பொரியல், அவருக்குப் பிடித்த பெருங்காயத் தூக்கலில் ரசம். அவர் சப்பரக் கதை சொல்லவில்லை. வாசலில் நிற்காமல் நேரே இறங்கிப் போனார்.

எலோடி இரண்டு தடவை கூப்பிட்டாள்.

ஏப்ரல் 18, சனி

விழா. தலைவலி, கால்வலி, தொண்டை கட்டிவிட்டது.

மதியம் மூன்று மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது ஐந்துக்கு ஆரம்பித்தது. நான் மைக்கில் வாசிக்க வாசிக்க, கிரேக்கர்கள் பட்டு வேட்டியில் அட்டைக் கப்பலோடு வந்து இறங்கினார்கள். ஜிப்டிஸ் கிண்ணத்தை மாப்பிள்ளை மேலேயே கொட்டினாள். ஒரே கைதட்டல். நகராட்சியிலிருந்து வந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் சந்தியாகுவை மேடைக்கு ஏற்றினார்கள். புது வேட்டி, கழுத்தில் மாலை. தலைவர் பொன்னாடை போர்த்தினார். "தியாகச் செம்மல்" என்றார். ஐந்து நிமிஷம் முன்னால்கூட "அந்த ஆளு பையைத் தூக்கிட்டு வந்துட்டாரா?" என்று என்னிடம் கேட்டவர். ரஞ்சிதம் சேலை நுனியால் மூக்கைத் துடைத்தாள், நிஜக் கண்ணீர்தான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. யாரோ, "ஊர்வலமாக் கூட்டிட்டுப் போவோம்" என்று சொல்ல, தவில்காரர் முன்னால் நடக்க, ஹாலைச் சுற்றி, முற்றத்தைச் சுற்றி, தெரு முனைவரை அழைத்துப் போனார்கள். அந்தச் சாக்கடை மூடியைத் தாண்டித்தான் போனார்கள்.

வெட்டச் சொன்ன பக்கத்தை நான் கிழித்துப் போடவில்லை. கையிலிருந்த தாள்களில் கடைசியாக அது இருந்தது. மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"நம் அன்புக்குரிய சந்தியாகு அவர்களைக் கரவொலியோடு வழியனுப்பி வைப்போம்" என்று வாசித்தேன். என் குரல் நன்றாக எடுத்தது என்று எல்லாரும் பாராட்டினார்கள். போகட்டும், பாரிஸில் நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கை மறந்து இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். மிஞ்சியதைப் புறாவுக்குப் போட்டால் கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வருகிறான். நிம்மதியாக ஒரு பிடி சோற்றைக்கூட வீணாக்க முடியாத ஊர்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மறுபடி பொங்கிவிட்டது. முன்னைவிட மோசம்.

உடனே ஒரு அவசரக் கூட்டம். ரஞ்சிதம், "போறப்ப என்னத்தையோ உள்ள தள்ளி அடைச்சுட்டுப் போயிருக்காரு பாருங்க" என்றாள். தலைவர், "இருக்கும், இருக்கும்" என்றார்.

என்ன ஜென்மங்களோ! போன பிறகுமா?

குழாய்க்காரர் வந்து தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக இழுத்துப் போட்டார். வடை எண்ணெய், உறைந்து மெழுகுவர்த்தி மாதிரி. முடியும் இல்லை, சோப்பும் இல்லை. மதாம் பெல்லோன் பக்கத்தில் நின்று பார்த்தாள். தலைவர் ஏதோ சமாளிக்க ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன். "மதாம், இது எங்கள் எண்ணெய். எங்கள் வடை. முதல் தடவையும் இதுதான். எனக்கு அப்போதே தெரியும்" என்றேன். தலைவர் முகம் சுருங்கிப்போனது. ரஞ்சிதம், "அக்கா, நீங்களா இப்படி!" என்றாள்.

மதாம் பெல்லோன் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தாள். "நான் சாக்கடையைச் சரிசெய்யத்தானே சொன்னேன்? மனிதரை அனுப்பச் சொன்னேனா?" என்று கேட்டாள். எண்ணெயை இனி டின்னில் சேர்த்து வையுங்கள், ஜூனில் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவேதான்!

ஏப்ரல் 28, செவ்வாய்

அவசரத்துக்கென்று சந்தியாகு எப்போதோ கொடுத்திருந்த பாரிஸ் நம்பருக்குப் போன் போட்டேன். சித்தப்பா மகன் எடுத்தார். "சந்தியாகுவா? அவன் இங்க வரலியே. நான் ஹோட்டலை வித்து நாலு வருஷமாச்சும்மா, அது அவனுக்கே தெரியுமே" என்றார்.

இந்த மனுஷன் எங்கே போய்த் தொலைந்தார்?

ஏப்ரல் 30, வியாழன்

மடத்தில் கஞ்சி ஊற்றும் இடத்தில் கேட்டேன். மலைமேல் மாதா கோயிலில் கேட்டேன். மீன் சந்தையில் கேட்டேன். "எப்படி இருப்பார்?" என்கிறார்கள். வேட்டி கட்டிக்கொண்டு, பேச ஆரம்பித்தால் நிறுத்தாமல் இருப்பார் என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது. மழை வேறு. முட்டி வலி உயிர் போகிறது. கிடைக்கட்டும், இருக்கிறது அவருக்கு.

மே 2, சனி

கிடைத்துவிட்டார்.

ரயில் நிலையத்துக்கு ஏறும் பெரிய படிக்கட்டில், காற்றுக்கு ஒதுங்கிச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். குளிருக்கு அந்தப் பொன்னாடையை மூடிப் போர்த்தியிருந்தார். ஜரிகையெல்லாம் கறுத்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஏப்ரலில் ஏறிய சதை எங்கே போயிற்றோ. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கும்பிட்டார். அப்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்கச் சத்தம் போட்டேன்.

"பாரிஸ்ல ஆளிருக்குன்னு ஏன்யா பொய் சொன்னீங்க?"

"சொன்னா உங்களுக்கு மனசு லேசாவும்னு சொன்னேம்மா." அப்புறம் ஆவலாகக் கேட்டார்: "ஹாலு நெலைச்சுதா? நான் கெளம்பி வந்தப்புறம் சாக்கடை சரியாயிடுச்சுல்ல?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வேன்! ஆயிற்று என்று சொன்னால் இந்தப் படிக்கட்டிலேயே சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார். அது நிச்சயம்.

"இல்ல. மறுபடி பொங்குச்சு. எண்ணெய்தான் அடைச்சிருந்தது. டின்னுல ஊத்தி வச்சா போதுமாம். அவ்வளவுதான்."

அவர் பொன்னாடையின் கறுத்த ஜரிகையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அப்ப நான் சும்மாவா போனேன்?"

"ஆமாய்யா. சும்மாத்தான் போனீங்க. நாங்கதான் அனுப்புனோம். அந்த அம்மாகிட்ட ஆமான்னு சொன்னது நான். மைக்குல பேசுனதும் நான். எண்ணெய்ன்னு தெரிஞ்சேதான் பேசுனேன்."

அவர் பொன்னாடையை உருவித் தரையில் அடித்தார். "அடப் பாவிங்களா!" என்று ஆரம்பித்தார். ஐயோ, அந்த மனிதருக்குள் இத்தனை வார்த்தைகளா! தலைவரை, ரஞ்சிதத்தை, பொருளாளரை, வடையை, தவிலை, பிறகு என்னை. "சோத்தைப் போட்டுட்டுக் கழுத்தறுத்தியேம்மா, உன்னைப் போயி நல்லவன்னு நெனச்சேனே" என்று என்னை. ரயிலுக்கு ஓடுகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, தொந்தரவு செய்கிறாரா மதாம் என்று கேட்டார். இல்லை, என் வீட்டு மனிதர், பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

அவருடைய பையை நான் தூக்கிக்கொண்டேன். படிக்கட்டு இறங்கும்போதும் திட்டினார். பஸ் நிறுத்தத்தில் திட்டினார். இரண்டு டிக்கெட் எடுத்தேன். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, காரைக்காலில் மட்டுமே புழங்குகிற வசவுகளாக எடுத்து விட்டுக்கொண்டே வந்தார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டேன். வாயில் சோற்றோடு திட்டினார். ரஞ்சிதம் இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. நாளைக்குள் சங்கத்துக்கே தெரிந்துவிடும், பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

எலோடியின் பழைய அறையில் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த ஜன்னல் சரியாக மூடாது, காற்று வரும். காலையில் அதற்கும் திட்டுவார்.